முதல் ஆண்டு பருத்தி மார் திரட்டுங்கள், பெல்லட் பிறகு

கேள்வி: பெரம்பலூர் மாவட்டத்தில் எட்டு ஏக்கர் மானாவாரி நிலம் வைத்திருக்கிறேன். பருத்தியும் மக்காச்சோளமும்தான் பயிர். ஒவ்வொரு ஆண்டும் பருத்தி எடுத்து முடித்ததும் மாரை, அதாவது மிஞ்சி நிற்கும் செடித் தண்டை, பிடுங்கி வயலிலேயே கொளுத்துகிறோம். இதை அரைத்து அழுத்திச் சிறு கட்டிகளாக்கி, பெல்லட் எரிபொருளாக விற்கலாம் என்று ஓர் இயந்திர விற்பனையாளர் சொல்கிறார். மணிக்கு 1 டன் திறன் கொண்ட ஆலைக்கு 60 லட்சம் ரூபாய் வரை ஆகும், வங்கிக் கடன் கிடைக்கும், வைக்கோல், தட்டை, மார் எதைப் போட்டாலும் பெல்லட் வரும், அனல் மின் நிலையங்கள் வாங்கியே தீர வேண்டும் என்று அரசு ஆணை இருக்கிறது என்கிறார். முன்பணம் கேட்கிறார். என் அண்ணனோ, மண்ணுக்குப் போக வேண்டியதை எடுத்து எரிப்பது எப்படிப் பசுமை எரிபொருள் ஆகும், வயலிலேயே மக்க விடலாமே என்கிறார். நான் என்ன செய்யலாம்?

– ஒரு விவசாயி, பெரம்பலூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள நண்பருக்கு, உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த செய்தி, உங்களிடம் இருப்பது பருத்தி மார் என்பது. தமிழ்நாட்டில் பெல்லட் ஆலை தொடங்க நினைப்பவர்களில் பலர் வைக்கோலை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். பஞ்சாபிலும் அரியானாவிலும் நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் நடுவே ஏறத்தாழ மூன்று வாரமே கிடைக்கிறது. அங்கே நெல் தாளைக் கொளுத்துகிறார்கள், டில்லி வரை புகை போகிறது. அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் வைக்கோல் வீணாகக் கிடக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே வைக்கோல் மாட்டுக்குப் போகிறது. டெல்டாவில் அறுவடை இயந்திரம் நகர்ந்ததும் கட்டு கட்டும் இயந்திரம் வயலில் இறங்கிவிடுகிறது. கட்டுகள் லாரியேறி வெளி மாவட்டங்களுக்கும் கேரளத்துக்கும் செல்கின்றன. மாட்டின் வாயிலிருந்து பிடுங்கி பாய்லரில் போடும் தொழில் நியாயமானதும் இல்லை, கட்டுப்படியாகப் போவதும் இல்லை. உங்கள் மக்காச்சோளத் தட்டைக்கும் இதே கதைதான். அதை மாட்டுக்கே விடுங்கள்.

பருத்தி மார் அப்படியல்ல. மாடு தின்னாது. கட்டை போன்றது, ஆகவே எளிதில் மக்காது. அதோடு, மாரை வயலிலேயே நிற்க விட்டால் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதில் எஞ்சியிருக்கும் காய்களில் தங்கி அடுத்த பருவத்துக்கு வந்துவிடும். கடைசிப் பறிப்பு முடிந்ததும் ஆடுகளை விட்டு மேய விடுங்கள், பிறகு செடியை வேரோடு அப்புறப்படுத்துங்கள் என்று வேளாண் துறையே சொல்கிறது. வயலை விட்டுப் போனால் பயிருக்கு நன்மை தரும் கழிவு இது. உங்கள் அண்ணன் கேட்டதற்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

மீதிப் பாதியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் கேட்டது சரியான கேள்வி. ஒரு டன் நெல் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ தழைச்சத்தும் (நைட்ரஜன்), 12 முதல் 17 கிலோ சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) இருக்கின்றன. அதை வயலிலிருந்து எடுத்தால் அவ்வளவும் போகிறது. பருத்தியில் நிலைமை வேறு. சத்தில் பெரும்பகுதி இலையிலும் காயிலும் இருக்கிறது. இலை தானாக உதிர்ந்து மண்ணில் விழுகிறது, மிச்சத்தை ஆடு தின்று புழுக்கையாகப் போடுகிறது. நீங்கள் எடுத்துச் செல்லப் போவது தண்டையும் வேரையும். அவற்றை எரிக்கும்போது தழைச்சத்து காற்றோடு போய்விடும், சாம்பல் சத்து சாம்பலிலேயே நிற்கும். அந்தச் சாம்பலைத் திரும்ப வாங்கி வயலில் போட வழி செய்துகொண்டால் இழப்பு இன்னும் குறையும். ஆனால் மாரை வயலில் கொளுத்திவிட்டு மண்ணுக்குக் கொடுத்துவிட்டோம் என்று நினைக்கக் கூடாது. அதில் தழைச்சத்தும் கரிமமும் வீணாகப் போய்ப் புகை மட்டும் ஊருக்கு மிஞ்சுகிறது.

பசுமை எரிபொருளா என்பதற்கும் கணக்கு இருக்கிறது. பருத்திச் செடி இந்த ஆண்டு காற்றிலிருந்து எடுத்த கரியமில வாயுவைத்தான் எரியும்போது திருப்பித் தருகிறது. நிலக்கரியோ கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் புதைந்திருந்ததை வெளியே விடுகிறது. பெல்லட் செய்யவும் மின்சாரம் வேண்டும். துண்டாக்கி, அரைத்து, அழுத்தி முடிக்க டன்னுக்கு 80 முதல் 150 யூனிட் வரை ஆகும். நம் நாட்டு மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. 120 யூனிட் என்று வைத்தால் டன்னுக்கு 84 கிலோ. அந்த ஒரு டன் பெல்லட் அதே அளவு வெப்பம் தரும் நிலக்கரியை விலக்கினால் மிச்சமாவது ஏறத்தாழ ஒன்றரை டன். லாரி டீசலைச் சேர்த்தாலும் கணக்கு நம் பக்கம்தான் நிற்கிறது. இதை உங்கள் அண்ணனிடம் படித்துக் காட்டுங்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை. மார் காய்ந்திருக்க வேண்டும். இந்தத் தொழிலில் லாபத்தையும் நட்டத்தையும் பிரிப்பதில் ஈரத்துக்கு இணையாக வேறொன்றும் இல்லை. பெல்லட் இயந்திரத்துக்குள் போகும் தூளில் 10 முதல் 15 சதவீத ஈரம் இருந்தால்தான் நல்ல கட்டி வரும். அதற்கு மேல் போனால் உள்ளே நீராவி பிடித்துக் கட்டி வெடிக்கும். மிகவும் காய்ந்துவிட்டாலும் ஒட்டாது, தூளாக உதிரும். இனி உலர்த்தும் செலவைப் பாருங்கள். பிடுங்கிய பச்சை மாரில் பாதி எடை தண்ணீர் என்று கொள்வோம். அதிலிருந்து 12 சதவீத ஈரமுள்ள ஒரு டன் பெல்லட் எடுக்க ஏறத்தாழ 1760 கிலோ பச்சைச் சரக்கு வேண்டும், 760 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். உலர்த்தும் உருளையில் ஒரு கிலோ தண்ணீரைப் போக்க 900 கிலோகலோரி ஆகிறது என்றால், செய்யப்போகும் பெல்லட்டில் இருக்கும் வெப்பத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் அதை உலர்த்தவே எரிந்துபோகிறது. அதே மாரை மாசியில் பிடுங்கி, பங்குனி வெயிலில் மூன்று நான்கு வாரம் வயலில் பரப்பி வைத்து, 25 சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் அந்தச் செலவு நான்கில் ஒரு பங்காகக் குறையும். இன்னும் காய்ந்தால் உலர்த்தியே தேவைப்படாது. பெரம்பலூர்ப் பங்குனி வெயில் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் பருவமும் அதற்குத் தோதாக அமைந்திருக்கிறது. ஆடியிலும் ஆவணியிலும் விதைத்த பருத்தி, கோடைத் தொடக்கத்தில் முடிகிறது. பஞ்சாப் விவசாயிக்கு இந்த வசதி கிடையாது.

காயும்போதே இன்னொரு வேலையும் நடந்துவிடும். கரிசல் மண் வேரில் கட்டியாக ஒட்டிக்கொண்டு வரும். காய்ந்த பிறகு தட்டினால் உதிர்ந்துவிடும். இதைச் சிறிய விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெல்லட் இயந்திரத்தின் உயிர் அதன் டை என்கிற அச்சில் இருக்கிறது. முறுக்கு உழக்கின் சில்லு போல, துளைகள் நிறைந்த கெட்டியான எஃகு வளையம் அது. உருளைகள் தூளை அந்தத் துளைகளுக்குள் நெருக்கித் தள்ளும். நெருக்கத்தில் பிறக்கும் வெப்பத்தில் தாவரத்திலேயே இருக்கும் லிக்னின் என்ற பொருள் இளகித் தூளை ஒட்டவைக்கிறது. அதனால்தான் பசை எதுவும் சேர்க்காமலே கட்டி உருவாகிறது. அந்த இடத்தில் மண் வந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி அச்சு தேயும். மண் என்றாலே பெரும்பாலும் சிலிக்கா. வைக்கோலிலும் உமியிலும் அது இயற்கையாகவே நிறைய இருக்கிறது. உமியில் 15 முதல் 20 சதவீதம் வரை சாம்பல், அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. எதைப் போட்டாலும் பெல்லட் வரும் என்று விற்பனையாளர் சொன்னது பொய்யில்லை. எத்தனை டன்னுக்குப் பிறகு அச்சை மாற்ற வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. ஒவ்வொரு சரக்குக்கும் அந்தக் கணக்கைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

வைக்கோலுக்கு இன்னொரு குறையும் உண்டு. அதில் பொட்டாசியமும் குளோரினும் அதிகம். பாய்லருக்குள் சாம்பல் குறைந்த வெப்பத்திலேயே உருகிக் கட்டிபிடித்துவிடும், குழாய்களையும் அரிக்கும். ஒரு முறை இதைப் பட்டறிந்த பாய்லர்க்காரர் மறுமுறை அந்தச் சரக்கை உள்ளே விட மாட்டார். மண் போக்கிய பருத்தி மாரில் சாம்பல் 3 முதல் 5 சதவீதத்துக்குள் நிற்கும், வெப்பம் கிலோவுக்கு 3800 முதல் 4200 கிலோகலோரி வரை கிடைக்கும். நம் நாட்டு மின் நிலையங்களுக்குப் போகும் சாதாரண நிலக்கரிக்கு இது குறைந்ததில்லை. மக்காச்சோளத்தில் மணி உதிர்த்த பிறகு மிஞ்சும் கதிர்ச் சக்கையும் நல்ல சரக்கு. சாம்பல் குறைவு, களத்திலேயே குவியலாகக் கிடைக்கும், மண் ஒட்டாது. 100 கிலோ மணிக்கு 20 கிலோ அளவுக்குச் சக்கை மிஞ்சும். இதை மாரோடு கலந்து ஓட்டினால் அச்சுக்கும் நல்லது, கட்டியும் வழவழப்பாக வரும்.

இனி உங்களுக்கு உறுதியாகச் சொல்ல நினைப்பதற்கு வருகிறேன். சரக்கு நல்ல சரக்கு. ஆனால் பெல்லட் ஆலை என்பது இயந்திரம் ஓட்டும் தொழிலைவிட மார் திரட்டும் தொழில். உங்கள் எட்டு ஏக்கர் இதில் ஒரு பொருட்டே இல்லை. மணிக்கு 1 டன் இயந்திரத்தை நாளைக்கு எட்டு மணி நேரம், ஆண்டுக்கு 250 நாள் ஓட்டினால் 2000 டன் பெல்லட். ஈரமும் சேதாரமும் போக அதற்கு ஏறத்தாழ 2300 டன் மார் வேண்டும். மானாவாரிப் பருத்தியில் ஏக்கருக்கு 1 டன் கிடைத்தாலே நல்ல விளைச்சல். பல வயல்களில் அதற்கும் கீழேதான் வரும். ஆக 2500 ஏக்கர் பருத்தி விவசாயிகளோடு நீங்கள் பேசி முடித்திருக்க வேண்டும். அதுவும் ஆண்டு முழுவதும் இல்லை, மூன்று மாதத்துக்குள். அதாவது நாளொன்றுக்கு 25 டன். பிடுங்கிய மாரை அப்படியே அள்ளிப் போட்டால் டிராக்டர் டிரெய்லரில் ஒன்று ஒன்றேகால் டன்னுக்கு மேல் ஏறாது. நாளைக்கு இருபது நடை. எத்தனை டிராக்டர், எத்தனை ஆள், எந்த ஊரிலிருந்து என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்தத் தாள்தான் உங்கள் திட்ட அறிக்கை.

அதனால் என் ஆலோசனை இது. முதல் ஆண்டு பெல்லட் செய்யாதீர்கள். டிராக்டரில் ஓடும் துண்டாக்கும் இயந்திரம் ஒன்றை வாடகைக்கோ பழையதாகவோ பிடியுங்கள். வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் வாடகை, மானியம் இரண்டையும் விசாரியுங்கள். உங்கள் ஊரைச் சுற்றிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் ஒரு கோடை முழுவதும் மார் திரட்டுங்கள். வயல் ஓரத்திலேயே துண்டாக்குங்கள். துண்டாக்கினால் அதே டிரெய்லரில் இரு மடங்கு எடை ஏறும். அந்தத் துண்டை ஏற்கெனவே இயங்கும் பிரிக்கெட் ஆலைகளுக்கு, அதாவது கழிவை அழுத்திப் பெல்லட்டைவிடத் தடித்த எரிகட்டிகளாக்கும் ஆலைகளுக்கு, விற்கலாம். அரியலூரில் சிமென்ட் ஆலைகள் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. சிமென்ட் சூளைக்குப் பெல்லட் தேவையில்லை, துண்டே போதும். சாம்பலும் கிளிங்கரோடு (அரைத்தால் சிமென்ட் ஆகும் கட்டியோடு) கலந்துவிடுவதால் அவர்களுக்கு அது தொல்லையாக இருக்காது. கொள்முதல் அலுவலகத்தில் என்ன அளவு, எவ்வளவு ஈரம், குறைந்தது எத்தனை டன் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு கோடை உங்களுக்குக் கற்றுத்தரப் போவதை எந்த ஆலோசகரும் கற்றுத்தர முடியாது. வயலில் இருந்து ஆலை வாசலுக்கு ஒரு டன் வந்து சேர உண்மையில் என்ன ஆகிறது என்பது தெரியும். மார் பிடுங்கும் கூலி எவ்வளவு, அதை யார் கொடுப்பது என்பது தெரியும். சும்மா எடுத்துக்கொண்டு போங்கள் என்று இந்த ஆண்டு சொல்பவர், நீங்கள் லாரியில் ஏற்றுவதைப் பார்த்ததும் அடுத்த ஆண்டு விலை கேட்பார். அது அவர் உரிமை. திட்ட அறிக்கைகளில் கழிவுக்கு விலை பூஜ்யம் என்று போட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. விவசாயிக்கு விலை கொடுக்காமல் இந்தத் தொழில் இரண்டாம் ஆண்டைத் தாண்டாது. தொடக்கத்திலேயே டன்னுக்கு இவ்வளவு என்று பேசி, எடை போட்ட அன்றே பணம் கொடுங்கள். ஊர் உங்களை நம்பிவிட்டால் அடுத்த ஆண்டு மார் உங்களைத் தேடி வரும்.

இடத்தையும் இப்போதே பாருங்கள். ஆண்டு முழுவதும் ஆலை ஓட வேண்டுமானால் கோடையில் திரட்டியதில் பெரும்பகுதியைச் சேமித்து வைக்க வேண்டும். துண்டாக்கிய மார் கன மீட்டருக்கு 150 முதல் 200 கிலோதான் நிற்கும். 1500 டன்னை மூன்று மீட்டர் உயரத்துக்குக் குவித்தாலும், நடுவில் விட வேண்டிய இடைவெளியோடு ஒரு ஏக்கருக்குக் குறையாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் தார்ப்பாயோ கூரையோ போட்டாக வேண்டும். ஈரச் சரக்கைக் குவித்தால் உள்ளே புழுங்கிச் சூடேறும், தானாகவே தீப்பிடித்த குவியல்களும் உண்டு. ஒரே குவியலாகப் போடாமல் பல குவியலாகப் பிரித்து, லாரி போகும் அகலத்துக்கு இடைவெளி விட்டு, தண்ணீர்த் தொட்டியும் பம்பும் வைத்துக்கொள்ளுங்கள். காய்ப்புழுவையும் மறக்க வேண்டாம். காய் ஒட்டிய மாரைத் துண்டாக்காமல் அடுத்த விதைப்பு வரை போர் போட்டு வைத்தால், சுற்றுவட்டாரப் பருத்திக்கெல்லாம் புழுவை வளர்த்துக் கொடுப்பவர் நீங்களாகிவிடுவீர்கள். ஆடு மேய்ந்த பிறகு எடுங்கள், ஆனி பிறப்பதற்குள் எல்லாவற்றையும் துண்டாக்கி முடியுங்கள்.

பணக் கணக்கில் பலர் கோட்டை விடும் இடமும் இதுதான். ஆலை வாசலில் கிலோ 3 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2300 டன்னுக்கு 69 லட்சம். மூன்று மாதத்துக்குள் கையிலிருந்து போகும் பணம் இது. பெல்லட் விற்ற பணமோ ஆண்டு முழுவதும் சொட்டுச் சொட்டாக வரும், அதிலும் ஆலைகள் இரண்டு மாதம் தவணை கேட்கும். இயந்திரத்துக்கு 60 லட்சம் கடன் என்றால் நடைமுறை மூலதனத்துக்கு அதற்குச் சமமான பணம் தனியாக வேண்டும். வங்கி மேலாளரிடம் இரண்டையும் சேர்த்துப் பேசாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

யாருக்கு விற்பது? விற்பனையாளர் சொன்ன மின் நிலையங்களைத் தவிர, இதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒன்றுமே இல்லை. மின் நிலைய ஆணை உண்மைதான். நிலக்கரியோடு உயிர்ப்பொருள் பெல்லட்டைக் கலந்து எரிக்க வேண்டும் என்ற கொள்கையை மத்திய மின்துறை 2021 அக்டோபரில் அறிவித்தது. 2023இல் அதைத் திருத்தி, 2024-25 முதல் 5 சதவீதம், 2025-26 முதல் 7 சதவீதம் என்று வகுத்தது. உத்தரப் பிரதேசத்தில் தாத்ரி அனல் மின் நிலையம் 2017 முதலே கலந்து எரித்துக் காட்டியிருக்கிறது. ஆனால் ஆணை இருப்பதும் உங்கள் வாசலுக்கு லாரி வருவதும் ஒன்றல்ல. ஒப்பந்தப்புள்ளி, முன்வைப்புத் தொகை, ஒவ்வொரு லாரிக்கும் தரப் பரிசோதனை, குறித்த நாளில் குறித்த டன், பணத்துக்குக் காத்திருப்பு எல்லாவற்றையும் தாங்குகிற அளவுக்கு நீங்கள் வளர்ந்த பிறகு போக வேண்டிய சந்தை அது. முதல் ஆலையின் கடன் தவணையை அதை நம்பி ஏற்காதீர்கள். மானியத்தையும் அப்படித்தான் சொல்வேன். மத்திய அரசின் தேசிய உயிரி ஆற்றல் திட்டத்தில் பெல்லட் ஆலைக்கு உதவி அறிவித்தார்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் என்ன நடைமுறையில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிடைத்தால் கடனை அடையுங்கள், கிடைக்கும் என்று வைத்துத் திட்டம் போடாதீர்கள்.

வாங்குபவரைத் தேடும்போது கிலோ விலையைப் பார்க்காமல் 1000 கிலோகலோரி என்ன விலை என்று பாருங்கள். எடுத்துக்காட்டுக்குச் சில விலைகளை வைத்துக்கொள்வோம், உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளலாம். ஈர விறகு கிலோ 4 ரூபாய், வெப்பம் 2500 என்றால் 1000 கிலோகலோரிக்கு 1 ரூபாய் 60 காசு. பெல்லட் கிலோ 9 ரூபாய், வெப்பம் 3800 என்றால் 2 ரூபாய் 37 காசு. பெல்லட்டில் பாய்லரின் செயல்திறன் கூடும், சாம்பல் அள்ளும் ஆள் குறையும், எல்லாம் உண்மை. இருந்தாலும் விறகில் ஓடும் திருப்பூர்ச் சாயப் பட்டறையிடம் இந்த விலைக்கு நீங்கள் பெல்லட் விற்க முடியாது. அங்கே போட்டி போட வேண்டுமானால் தடித்த பிரிக்கெட்தான் பொருந்தும். பிரிக்கெட்டுக்கு இவ்வளவு நைசாக அரைக்க வேண்டியதில்லை, இயந்திரமும் முரட்டுத்தனமானது, விறகு போடும் அதே வாய் வழியாகப் பாய்லருக்குள் போகும்.

இப்போது எரிவாயுவைப் பாருங்கள். 19 கிலோ வணிகச் சிலிண்டர் 1800 ரூபாய் என்றால் கிலோ 95 ரூபாய், வெப்பம் கிலோவுக்கு 11000. ஆக 1000 கிலோகலோரிக்கு 8 ரூபாய் 60 காசு. டீசல் அதையும் தாண்டும். பெல்லட் அடுப்பு எரிவாயு அடுப்பைவிட வெப்பத்தை அதிகம் வீணாக்கும். அதைக் கழித்து, சில்லறையில் கிலோ 12 ரூபாய்க்கு விற்றாலும், சமைப்பவருக்குச் செலவு பாதிக்கு அருகில் வந்துவிடும். பெல்லட்டுக்கு உண்மையான இடம் இங்கே இருக்கிறது. திருமண மண்டபம், விடுதிச் சமையலறை, உணவகம், பேக்கரி, டீசலில் சூடு காட்டும் உலர்த்திகள், தார்க்கலவை ஆலைகள். திருச்சி உங்களுக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். அங்கே இப்படிப்பட்ட இடங்கள் எவ்வளவோ இருக்கின்றன.

ஒன்று சொல்லிவிடுகிறேன். சமையலறையில் பெல்லட்டை விற்பவர் எரிபொருளை மட்டும் விற்றால் நிலைக்க மாட்டார். மின்விசிறி பொருத்திய அடுப்பைக் கொடுக்க வேண்டும், பற்றவைக்கக் கற்றுத்தர வேண்டும், சாம்பல் தட்டை எப்போது தட்ட வேண்டும் என்று காட்ட வேண்டும். காற்று சரியாகப் போனால் புகை இருக்காது. காற்று அடைத்துக்கொண்டால் அரை மணி நேரத்தில் சமையல்காரர் பழைய சிலிண்டருக்கே திரும்பிவிடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. முகூர்த்த நாளில் அடுப்பு நின்றுவிட்டால் ஓடி வந்து சரிசெய்ய ஓர் ஆள் உங்களிடம் இருக்க வேண்டும். மாதம் தவறாமல் வாங்கும் ஐந்து சமையலறைகளைப் பிடித்துவிட்டால் நீங்கள் பாதிக் கிணறு தாண்டியவர். அவர்களுக்குத் தேவைப்படும் பெல்லட்டை முதல் ஆண்டில் வேறு ஆலையிலிருந்து வாங்கிக் கொடுத்தாவது அந்தத் தொடர்பை இப்போதே தொடங்குங்கள்.

அடுத்து மின்சாரம். துண்டாக்கி, அரைவை, பெல்லட் இயந்திரம், மின்விசிறிகள் எல்லாம் சேர்ந்தால் 150 குதிரைத்திறனுக்குக் குறையாது. இதற்குத் தனித் தொழில் இணைப்பு வேண்டும், மின்மாற்றி செலவும் வரலாம். கிணற்று மோட்டாருக்குக் கொடுத்த இலவச இணைப்பிலிருந்து ஒரு சிறிய இயந்திரத்தைக்கூட ஓட்டக் கூடாது. விற்பனையாளர் யாராவது அப்படிச் சொன்னால் அவரோடு பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள். ஊராட்சி அனுமதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை, தீயணைப்புத் துறைச் சான்று இவையும் உண்டு. அரைவைத் தூசி பக்கத்து வீட்டுக்குப் போகாத இடமாகப் பாருங்கள். ஆலைக்குள் வேலை செய்பவர்களின் நுரையீரலும் அதே அளவு முக்கியம், தூசி பிடிக்கும் சைக்ளோனும் பையும் இல்லாத மலிவு இயந்திரத்தை வாங்காதீர்கள்.

முன்பணம் பற்றி: கொடுக்காதீர்கள், இப்போதைக்கு. முதலில் உங்கள் மாரில் ஒரு மாதிரியைக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் பொறியியல் துறையில் கொடுத்து, ஈரம், சாம்பல், வெப்ப மதிப்பு மூன்றையும் சோதித்து வாங்குங்கள். பிறகு விற்பனையாளரிடம் அவர் நிறுவிய, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஓர் ஆலையைக் காட்டச் சொல்லுங்கள். அவர் உங்களுடன் வராமல் நீங்கள் தனியாகப் போய் அந்த உரிமையாளரிடம் பேசுங்கள். கடைசியாக அச்சு மாற்றியது எப்போது, அதற்கு என்ன ஆயிற்று, போன மாதம் எத்தனை நாள் ஓடியது என்று கேளுங்கள். அதன் பின் உங்கள் சொந்த மாரில் ஐந்து டன்னைக் கொண்டுபோய், அதே அளவு இயந்திரத்தில் ஒரு ஷிப்ட் முழுவதும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மரத்தூளில் மணிக்கு 1 டன் தரும் இயந்திரம் பருத்தி மாரில் 600, 700 கிலோவோடு நின்றுவிடுவது வழக்கம். அங்கே எடைத் தராசும் மின்மீட்டரும் உங்கள் கண் முன்னால் இருக்கட்டும். தொடங்கும்போது ஒரு குறிப்பு, முடியும்போது ஒரு குறிப்பு. வெளியே வரும் பெல்லட் கை சுடும் சூட்டில் இளகியிருக்கும், அதை நன்றாக ஆறவிட்டுப் பையில் போட்டு, பையை லாரியில் ஏற்றி உங்கள் ஊருக்கே கொண்டுவந்து இறக்குங்கள். பையைப் பிரித்துச் சல்லடையில் போட்டுப் பாருங்கள். நூறு கிலோவில் ஐந்து கிலோவுக்கு மேல் தூள் விழுந்தால், ஈரத்தையோ அரைவையையோ அச்சையோ அவர் சரிசெய்யும் வரை பணம் பற்றிய பேச்சு வேண்டாம்.